டேடோனா 500: அந்த 2021 கணக்கைப் பற்றி

2006இல் டேடோனா 500 கார் பந்தயத்தை அமெரிக்காவில் சுமார் 1.94 கோடிப் பேர் டிவியில் பார்த்தார்கள், 2021இல் 48 லட்சம் பேர்தான், எனவே இதை நடத்தும் நாஸ்கார் கார் பந்தய அமைப்பின் ரசிகர்களில் முக்கால்வாசி பேர் போய்விட்டார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்.

இரண்டு எண்களும் சரிதான். ஆனால் 2021 பந்தயத்தை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. அன்று 15ஆவது சுற்றிலேயே மழை வந்து பந்தயம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் நின்றுபோனது. மறுபடி தொடங்கி மைக்கேல் மெக்டவல் ஜெயித்தபோது அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? அடுத்த ஆண்டு, 2022இல், பந்தயம் மழைத் தடையில்லாமல் நடந்தது. சுமார் 89 லட்சம் பேர் பார்த்தார்கள். 2023இல் சுமார் 82 லட்சம்.

அதற்காகச் சரிவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2006ஐ விடப் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, அதுவே பெரிய இறக்கம்தான். முக்கால்வாசி என்பதுதான் மிகை.

சரிபார்ப்பது எளிது. டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் பார்வையாளர் எண்ணிக்கை ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு விளையாட்டுச் செய்திகளில் வரும். அதோடு அந்தந்த ஆண்டின் பந்தயச் செய்தியையும் திறந்து, எத்தனை மணிக்கு முடிந்தது, மழையால் தள்ளிப்போனதா என்று பாருங்கள். அப்புறம் மழை இல்லாத ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.