தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சட்டம் எதற்காம்?

போன கிழமை எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கூட்டத்தில் ஒரு டீச்சரை எழுப்பி நிறுத்திக் கேட்டதை இங்கே பாதிப்பேர் பகிர்ந்துவிட்டீர்கள், முழுக்கதையும் நான் எழுதவில்லை. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை, அதாவது குடியுரிமைச் சட்டத்தை, தரம் 11க்குப் படிப்பித்தது அரசியலாம், ஒரு ஐயா சொன்னார். சரி.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது என்று எழுதினால் அது வரலாறு, புள்ளி உண்டு. 1947 தேர்தலில் வாக்குப் போட்டு ஆட்களைப் பாராளுமன்றம் அனுப்பிய எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்துக்கு அடுத்த ஆண்டே குடியுரிமையும், 1949இல் வாக்கும் போனது என்று சொன்னால் மட்டும் அரசியலா? வரலாறு எங்கே முடிகிறது என்று அந்த ஐயா ஒரு கோடு போட்டுத் தரட்டும், தாண்டாமல் நிற்கிறோம்.

அந்தச் சட்டத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். அதில் எந்தச் சமூகத்தின் பேரும் இல்லை. இங்கே பிறந்தால் போதாது, அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், பிறந்த மனுசன் அதற்குப் பத்திரம் எங்கே தேடுவான் என்று கடைசி வாங்கில் தூங்குகிறவன்கூடக் கேட்பான். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக்கூடாது என்று அப்போதிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னதே, அப்புறம் எப்படி? கோடகன் பிள்ளை வழக்கு லண்டனில் கடைசி மேன்முறையீட்டைக் கேட்கும் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது இந்தக் கேள்வியில்தான். அரசியலமைப்பு என்றால் என்னவென்று விளக்க இதைவிட நல்ல பாடம் இருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் தாத்தாவின் தம்பி தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்குப் போனது வீட்டுச் சண்டையால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாயி அப்படித்தான் திட்டும். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் சனத்தை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று பிரித்ததைப் பல்கலைக்கழகம் போய்த்தான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

இதைப் படிப்பித்தால் சிங்களப் பிள்ளைகளோடு பகை வருமாம். 1948இல் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் சிங்கள இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் இருந்தார்கள், அதையும் சேர்த்துத்தான் படிப்பிக்கிறோம். (அதே கொல்வின் முன்னின்று செய்த 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு காணாமல் போனது, அதையும்தான்.) சின்னப் பிள்ளைகளாம். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்புகிற பிள்ளைக்கு, தன் பாட்டன் ஏன் நாடற்றவனாக இருந்தான் என்று கேட்க வயது போதாதாம். பரீட்சைக்கு வராது என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "இதுகள் என்ன லோயராகவா போகுதுகள்" என்று கேட்டுவிட்டு அங்கே சிரித்தீர்களே! எங்களில் ஒருத்தர் கேட்டது, கூடச் சிரித்ததும் நாங்கள்தான். கொழும்பில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இதே பாடத்தை நீதிமன்ற நாடகமாகப் போட்டிருந்தால் முதல் ஆளாகப் படம் போட்டு வாழ்த்தியிருப்பீர்கள்.

அடுத்த கிழமை நான் வகுப்பில் இப்போதைய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை எடுக்கிறேன். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம் என்பது அது. அதற்கும் கூட்டம் வைப்பதென்றால் இப்போதே திகதியைப் போடுங்கள்.