லொபெதேகி நீக்கப்பட்டது தோல்வியால் அன்று
2018 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன் தொடர் தோல்விகளால்தான் தன் தேசிய அணியின் பயிற்சியாளர் ஹுலென் லொபெதேகியை ஸ்பெயின் நீக்கியது என்று சொல்லப்படுவது தவறு. அவர் பொறுப்பிலிருந்த 20 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஸ்பெயின் தோற்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் அர்ஜென்டினாவை 6-1 என்று வீழ்த்தியிருந்தது. மே மாதம்தான் 2020 வரை ஒப்பந்தத்தை நீட்டித்திருந்த அவர், உலகக் கோப்பை முடிந்ததும் தன் பயிற்சியாளராவார் என ஜூன் 12 அன்று ரியல் மாட்ரிட் கிளப் அறிவித்தது. அச்செய்தி தமக்கு ஐந்து நிமிடங்களுக்கு முன்புதான் தெரியவந்தது என்று கூறிய ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ரூபியாலெஸ், போர்ச்சுகலுடனான முதல் ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கையில் அவரை நீக்கினார். லொபெதேகி நடந்துகொண்ட முறையைக் குறை கூறலாம், ஆனால் தோல்வியைச் சுமத்துவது அநியாயம். கோல்கீப்பராக ஸ்பெயினுக்கு ஒரே ஒரு சர்வதேச ஆட்டம் ஆடியவர், பயிற்சியாளராக 2013இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையையும், 2020இல் செவியா கிளப்புக்கு ஐரோப்பா லீக்கையும் வென்று தந்தார்.