கல்விக்கு எத்தனை சதவீதம்? எதில் சதவீதம்?

பட்ஜெட் வரும்போதெல்லாம் "தேசிய வருமானத்தில் கல்விக்கு இத்தனை சதவீதம்தான்" என்று ஓர் எண் சுற்றுக்கு வரும். அந்த எண்ணில் மேலே எதை வைத்தார்கள், கீழே எதை வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

உலக வங்கியின் தரவுகளிலேயே இதற்கு இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று, ஜிடிபியில், அதாவது நாட்டுக்குள் ஓராண்டில் உற்பத்தியாகும் மொத்த மதிப்பில், அரசின் மொத்தக் கல்விச் செலவு. சம்பளம், கட்டடம், உதவித்தொகை எல்லாம் இதில் சேரும். உள்ளாட்சி வரை எல்லா மட்டச் செலவும் சேரும். இன்னொன்று, மொத்த தேசிய வருமானத்தில், அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்தைக் கூட்டி, வெளியே போவதைக் கழித்த கணக்கில், கல்வியின் நடப்புச் செலவு. இதில் கட்டடமும் தளவாடமும் கிடையாது. ஒரு நாட்டுக்கு முதல் வரிசையையும் இன்னொரு நாட்டுக்கு இரண்டாவதையும் எடுத்து ஒப்பிட்டால், கட்டடச் செலவும் சேர்த்துக் கணக்கிட்ட நாடு மற்றதைவிடத் தாராளமாகத் தெரியும். காரணம் கணக்குமுறை மட்டுமே.

கீழே இருக்கும் எண்ணும், அதாவது ஜிடிபியும், ஆட்டம் காட்டும். 2015-இல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக 2016-இல் அறிவித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை அங்கே கணக்கில் கொண்டுவந்ததன் விளைவு அது. இப்படிக் கீழ் எண் வீங்கினால், கல்விச் செலவில் ஒரு காசு குறையாமலேயே சதவீதம் சரியும். அதனால்தான் 2017-இலிருந்து அந்நாடு திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஒன்றைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2020-இல் பல நாடுகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. 100-ஆக இருந்த ஜிடிபி 92-ஆகச் சுருங்கினால், அதே 5 ரூபாய்ச் செலவு 5.4 சதவீதமாகிவிடும். பள்ளிகள் பூட்டிக் கிடந்தாலும்தான்.

தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின் 2015 பிரகடனத்தை ஒட்டிய செயல்திட்டம் இரண்டு அளவுகோல்கள் சொல்கிறது: ஜிடிபியில் 4 முதல் 6 சதவீதம், அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 சதவீதம். முதல் அளவுகோலை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அரசு செலவழிப்பது ஜிடிபியில் 30 சதவீதம் என்றால், அதில் 15 சதவீதம் கொடுத்தாலே கல்விக்கு 4.5 வந்துவிடும். அரசின் செலவே 15 சதவீதம் என்றால், ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தாலும் 3-ஐத் தாண்டாது. அங்கே கல்வி அமைச்சரைத் திட்டிப் பயனில்லை. வரி ஏன் வசூலாகவில்லை என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பிள்ளைகளின் எண்ணிக்கை. இரண்டு நாடுகளும் 4 சதவீதம் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் மக்கள்தொகையில் 15 சதவீதம் பேர் மாணவர்கள், மற்றதில் 30 சதவீதம். நாலைப் பதினைந்தால் வகுத்தால், முதல் நாட்டில் ஒரு மாணவருக்குத் தலா வருமானத்தில் சுமார் 27 சதவீதம் கிடைக்கிறது. இரண்டாவதில் 13 சதவீதம்தான். அந்தப் பிள்ளைக்கும் அதே அளவு கிடைக்க வேண்டுமென்றால் அந்த நாடு 8 சதவீதம் ஒதுக்க வேண்டும். "நாங்களும் அவர்களும் சமம்" என்று மேடையில் சொல்லும்போது மறைவது இந்தப் பாதிதான்.

இன்னொன்று, பட்ஜெட்டில் எழுதியது வேறு, செலவானது வேறு. பணம் நிதியாண்டின் கடைசி மாதங்களில் கைக்கு வந்தால் டெண்டர் விடவே நேரம் இருக்காது. மிச்சம் திரும்பிப் போய்விடும். சம்பளத்தை நிறுத்த முடியாது என்பதால் வெட்டு விழுவது கழிப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும்தான்.

ஆகவே அடுத்த முறை இந்த எண்ணைப் பகிரும்போது நாலு விவரம் சேர்த்து எழுதுங்கள்: எந்த ஆண்டு, ஜிடிபியா தேசிய வருமானமா, கட்டடம் சேர்ந்ததா, மதிப்பீடா செலவழித்த கணக்கா. நாலில் ஒன்று தெரியாவிட்டாலும், தெரியும் வரை பகிராதீர்கள்.