அம்மம்மாவின் வீடும் அப்பாவின் வயலும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வெள்ளைக்காரன் சட்டம் வந்திராவிட்டால் உங்கள் பெண்களுக்கு ஒரு முழக் காணியும் இராது" என்று அங்கு பேசிய சட்டத்தரணி ஐயா மட்டக்களப்பிலேயே நின்று சொல்ல, இந்த மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிக்காரர்களும் சேர்ந்து கை தட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கை தட்டியவர்கள் திரும்பிப் போய்ப் படுத்தது யாருடைய வீட்டில்? நான் இருக்கும் வீடு அம்மம்மாவுடையது. அம்மாவுக்குச் சீதனமாக வந்து, பின்னர் எனக்கு வந்தது. அப்பா கலியாணம் முடித்து இங்கு வந்து குடியிருந்தவர். என்ன குடி, அதாவது எந்த வழிமரபு, என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்கிறோம். இது ஒல்லாந்தரோ ஆங்கிலேயரோ தந்ததன்று.

மட்டக்களப்பின் பழைய மரபுச் சட்டமான முக்குவர் சட்டத்தில் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, பெண்வழியே இறங்கியது. ஆங்கிலேயரின் 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை ஒதுக்கியதோடு, மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. 1923இல் அந்த விதியை நீக்கினார்கள். பூட்டியவனே திறந்துவிட்டதற்கு நாங்கள் மாலை போட வேண்டுமாம்.

"முதுசம் சகோதரியின் மகனுக்கல்லவா போனது?" என்று கேட்பீர்கள். ஆம், அன்றும் காணியை ஆண்டவர்கள் ஆண்களே. 1876இன் சட்டம் மகளுக்கும் சமபங்கு வைத்தது என்பதும் சரி. ஆனால், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்கீழ் வடக்குப் பெண் இன்றும் காணி விற்கக் கணவனின் சம்மதம் கேட்கிறாள், நீங்கள் பாக்கியசாலிகள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்தவள் கால் விலங்கைக் காட்டி என்னை ஆற்ற வேண்டாம்.

அந்த வெள்ளைக்காரன் காலத்தில்தான், 1935இல், அரச காணியைக் குடியானவர்களுக்கு வழங்கும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வந்தது. ஐயா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த வயல் அந்தச் சட்டத்துக்குரியது. தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் அப்பா இறந்தார். அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு, அதன்பின் அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகளுக்கு முன் மகன், மகன்களுக்குள் மூத்தவன். 2011இல் அம்மாவும் போக, வயல் அண்ணனுக்குப் போயிற்று. அப்பா படுக்கையில் விழுந்த காலத்தில் வேலையாட்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு வரம்பில் நடந்தவள் நான். அலுவலகத்தில் அதைச் சொன்னபோது, "நீங்கள் மகள்தானே" என்று மட்டும் சொல்லிக் கோப்பை மூடினார்கள்.

2022இல் அந்த அட்டவணையில் ஆண் பெண் பேதத்தை நீக்கிவிட்டார்கள். மகிழ்ச்சி, எனக்குப் பதினொரு வருடம் பிந்தியது.

அண்ணனை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு பெரும்போகமும் வெட்டியதும் மறக்காமல் இரண்டு மூடை நெல் அனுப்புகிறார். நானும் நன்றி சொல்லித்தான் வாங்குகிறேன்.