ஆறு பேருக்குச் சொன்ன கோபம்

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்தில், அதாவது கோடை வேளாண்மையில், எல்லா வயலுக்கும் காணாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிக்கிற நாட்களில் வெயிலும் சூடு, விவசாயிகளும் சூடு, நாங்களும் சூடு. அப்படி ஒரு நாள் நான் அடித்த பட்டியலில் இரண்டு பேருடைய பங்கு மாறி விழுந்துவிட்டது. பிழை என்னுடையதுதான். மேலதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாற்பது விவசாயிகளுக்கு முன்னால், "உமக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமோ?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. அடக்கமாக இருந்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம் நடந்ததுதான் கூத்து. கன்ரீனில் இரண்டு பேருக்குச் சொன்னேன். பரந்தன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தோழிக்குச் சொன்னேன். இரவு அம்மாவுக்கு, வவுனியா அக்காவுக்கு, கனடா மச்சாளுக்கு. சொல்லச் சொல்ல மனுசனுடைய குரல் கூடிக்கொண்டே போனது. நாற்பது விவசாயிகள் மச்சாளிடம் போகையில் நூறு பேர்.

மறுநாள் காலை, கோப்பு கொண்டுவரப் பிந்திய காரியாலய உதவியாளர் அண்ணையைப் பிடித்து ஏசினேன். என் அப்பாவின் வயது அவருக்கு. வழமையாக என்னைப் "பிள்ளை" என்பவர், "சரி மிஸ்" என்றுவிட்டுப் போனார்.

"மனசில வைச்சிருக்காத, கொட்டித் தீர்" என்கிற புத்திமதியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 600 மாணவர்கள். தங்களைச் சீண்டியவரை நினைத்து நினைத்துக் குத்துப்பையில் குத்தியவர்களுக்குக் கோபம் கூடத்தான் செய்தது. 2 நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் அவர்களைவிடக் குறைவாகத்தான் சீறினார்கள். நான் ஆறு பேரிடம் கதைத்ததும் குத்துப்பைதான்.

ஆறு பேரில் அம்மா மட்டும் ஒன்று கேட்டா: "உனக்கு எரிஞ்சது ஏசினதோ, ஆக்களுக்கு முன்னால ஏசினதோ?" அன்றிரவு அது காதில் ஏறவில்லை. அண்ணையை ஏசிய பிறகுதான் ஏறியது. பின்னேரம் மேலதிகாரியிடம் போய், "பட்டியலைத் திருத்திப்போட்டன் சேர். இனிப் பிழை விட்டா அறைக்குள்ள கூப்பிட்டு ஏசுங்கோ" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் சொல்ல அன்றைக்கு ஒரு கதையும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அவர் பாவம், 2009இல எல்லாத்தையும் இழந்த மனுசன், விடு" என்று கன்ரீனில் சொன்னார்கள். வன்னியில் இழக்காத ஆள் யார்? முள்ளிவாய்க்கால் வரை அவரும்தான் நடந்தார், நானும்தான் நடந்தேன், கோப்புச் சுமக்கிற அந்த அண்ணையும்தான் நடந்தார். இழப்பைக் காட்டிப் பொறுத்துப் போகச் சொல்வது மட்டும் எப்போதும் கீழே இருக்கிறவருக்கு. அண்ணை ஒரு நாள் மேலதிகாரியை ஏசியிருந்தால் "பாவம், இழந்த மனுசன்" என்று விட்டிருப்பார்களா? விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள்.

அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ" என்று சிரித்தார். பிளேன் ரீ முன்போலவே சீனி குறைவாய் மேசைக்கு வருகிறது. ஆனால் இன்றைக்கும் நான் அவருக்கு மிஸ்தான்.