மூக்குப்பொடி அல்ல, பெரியப்பா

(உதகமண்டலம். ஜனவரி மாதக் காலை. பூச்செடி நாற்றங்காலில் வேலை பார்க்கும் செல்வி, பெரியப்பாவின் வீட்டுப் படியேறி வருகிறாள்.)

பெரியப்பா: வா, செல்வி. குட்டை ரக ஸ்னாப்டிராகன் பூச்செடி விதை என்று சொல்லிக் கடைக்காரர் மூக்குப்பொடியை மடித்துக் கொடுத்துவிட்டார்.

செல்வி: அது விதையேதான், பெரியப்பா. ஒரு கிராமில் சுமார் 6,000 விதைகள் இருக்கும். என்ன செய்தீர்கள்?

பெரியப்பா: அவரை விதைக்கு அப்பா கற்றுக்கொடுத்த முறைப்படி, விரல் ஆழத்தில் குழி எடுத்துப் புதைத்து, பூனை கிளறாமலிருக்க மேலே செங்கல்லும் வைத்திருக்கிறேன்.

செல்வி: அப்படியானால் அவற்றுக்கு நல்லடக்கம் முடிந்துவிட்டது. இந்த விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். தென்னைநார்க் கழிவோடு மண்புழு உரத்தைக் கலந்து குழித்தட்டில் நிரப்பி, நன்றாக நனைத்த பிறகு, விதையை மேலாகத் தூவி விரலால் மெல்ல அழுத்தினால் போதும். மண் போட்டு மூடவே கூடாது. உறைபனிக் காலமாதலால் தட்டு வீட்டுக்குள் சன்னலோரம் இருக்கட்டும். 18 முதல் 21 டிகிரி வெப்பம் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும்.

பெரியப்பா: தண்ணீரைக் குடத்தால் ஊற்றலாமா?

செல்வி: ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தட்டைத் தண்ணீரில் சற்று நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். சொதசொதவென்று விட்டால் நாற்றழுகல் வரும். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும்.

பெரியப்பா: பெற்ற பிள்ளையையே நான் கிள்ளியதில்லை!

செல்வி: அண்ணன் கொத்தவரங்காயாக நிற்பதற்கு அதுதான் காரணம். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்து, 15 முதல் 25 செ.மீ. உயரத்துக்குள்ளேயே செடி அடர்ந்து பூக்கும். பாத்தி ஓரத்தில் 15 செ.மீ. இடைவெளி விட்டு நடுங்கள்; நெருக்கி நட்டு, மாலையில் இலை நனையத் தண்ணீர் தெளித்தால் துரு நோய் பிடிக்கும்.

பெரியப்பா: மே மாத மலர்க் கண்காட்சி பார்க்கச் சம்பந்தி வருகிறார். அதற்குள் பூத்துவிடுமா?

செல்வி: இப்போதே மறுபடி விதைத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூக்கும். வாடிய கதிர்களை உடனுக்குடன் கத்தரித்துவிடுங்கள். காய் பிடித்தால் பூப்பது குறைந்துபோகும். காய்ந்த காயைப் பார்த்தாலும் பயமாக இருக்கும். கண்ணும் வாயும் திறந்த குட்டி மண்டையோடேதான்.

பெரியப்பா: மண்டையோடா? அப்படியானால் வாசல் தொட்டியில் மட்டும் கத்தரிக்க மாட்டேன். சம்பந்தியின் கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் வாங்கும் செலவு மிச்சம்.

செல்வி: காய் முற்றிக் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும், பெரியப்பா. அதற்குள் அவர் ஊருக்குப் போய்விடுவாரே?

பெரியப்பா: உனக்கு அவரைத் தெரியாது, அம்மா.