மிலேயை வெல்ல வைத்தது இடது முன்னணியா?
"அர்ஜென்டினாவில் இடது முன்னணி ஓட்டைப் பிரித்ததால்தான் அதிபர் தேர்தலில் வலதுசாரி ஹவியர் மிலே ஜெயித்தார்" என்று சிலர் சொல்வது தவறு. 2023 அக்டோபர் முதல் சுற்றில் முன்னணியின் வேட்பாளர் மிரியம் பிரெக்மன் பெற்றது சுமார் 2.7% மட்டுமே. அந்தச் சுற்றில் முந்தியவரே பெரோனிய (முன்னாள் அதிபர் பெரோனின் வழிவந்த இயக்கம்) வேட்பாளர் மாசாதான். மிலே வென்றது, முதல் இருவர் மட்டும் மோதிய நவம்பர் மறுசுற்றில். அதில் பிரெக்மன் களத்திலேயே இல்லை. வித்தியாசமோ 11 புள்ளிக்கும் மேல்! பிரெக்மனின் ஓட்டு அத்தனையும் மாசாவுக்கே போயிருந்தாலும் அதை எட்டியிருக்காது.

அப்புறம், இடது முன்னணி பெரோனியத்திலிருந்து உடைந்த கோஷ்டியும் அல்ல. 2011இல் மூன்று டிராட்ஸ்கியக் கட்சிகள் (ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் வழிவந்த கம்யூனிஸ்டுகள்) சேர்ந்து அமைத்த கூட்டணி. நான்காவது கட்சி 2019இல் இணைந்தது. பெரோனிய ஆட்சிகளையும் எதிர்த்தே தேர்தலில் நின்றவர்கள். சின்னக் கூட்டணி என்பதற்காகப் பழியை அவர்கள் தலையில் போடுவது நியாயமில்லை.